லத்தீன் பெற்ற பிள்ளைகளின் கண்டம்

லத்தீன் அமெரிக்காவைப் போல என்னைக் கிறங்கடித்த நிலப்பரப்பு இந்த உலகத்தில் வேறில்லை. ஆண்டீஸ் மலையைப் பார்த்து வாயடைத்து நின்றிருக்கிறேன். இகுவாசு அருவியின் சாரலில் தொப்பலாக நனைந்திருக்கிறேன். அத்தனையும் கொள்ளை அழகு. ஆனால் என்னைத் திரும்பத் திரும்ப அங்கே இழுத்துக்கொண்டு போவது அந்த மக்களின் பேச்சு. மெக்சிகோவின் வட எல்லையில் தொடங்கி, கண்டத்தின் தென்முனையான தியெர்ரா தெல் ஃபுவேகோ வரை 18 நாடுகளில் ஸ்பானிஷ், பிரேசிலில் போர்த்துகீசு, ஹைதியில் பிரெஞ்சும் அதிலிருந்து கிளைத்த கிரியோலும். மொத்தம் 20 நாடுகள். இந்த மொழிகளுக்கெல்லாம் லத்தீன்தான் ஆதித்தாய்.

மொழி உறவு ஒரு பண்பாட்டு வட்டாரத்தை உருவாக்கும் என்று புத்தகங்களில் படிக்கும்போது அது வறண்ட பாடமாகத் தெரியும். அங்கே தெருவில் நின்று காது கொடுத்துக் கேளுங்கள், உடம்பே சிலிர்க்கும். பாட்டு, கதை, நகைச்சுவை, சட்டம், வசவு எல்லாம் நாடு விட்டு நாடு சரளமாகப் போய்வருகின்றன. அந்தப் போக்குவரத்துதான் லத்தீன் அமெரிக்கா. கையோடு கூட்டிப்போய்க் காட்ட முடிந்தால் ஒவ்வொரு தமிழ் வாசகரையும் அழைத்துப் போவேன், முடியாததால் எழுதுகிறேன்.

முதலில் ரிவேராவுக்குப் போவோம். உருகுவேயின் தலைநகரான மாண்டேவீடியோவிலிருந்து வடக்கே பேருந்தில் ஏறத்தாழ 500 கிலோமீட்டர். புல்வெளி, மாடுகள், மறுபடியும் புல்வெளி. பயணத்தின் முடிவில் வருகிறது ரிவேரா. அதன் மறுபாதி பிரேசிலின் சந்தானா தோ லிவ்ராமென்டோ. இரண்டு ஊர் என்பது வரைபடத்துக்கு மட்டும்தான். காலால் நடப்பவருக்கு ஒரே ஊர். எல்லைக்கோடு ஒரு பூங்காவுக்குள் போகிறது. 1943இல் திறக்கப்பட்ட அந்தச் சதுக்கத்துக்குப் பெயரே சர்வதேசச் சதுக்கம். ஒரு பெஞ்சில் உட்கார்ந்தால் உருகுவே, எழுந்து நாலடி நடந்தால் பிரேசில். தெருவைக் கடக்க யாரும் பாஸ்போர்ட் கேட்பதில்லை.

அங்கே ஒரு மாலை முழுக்க நான் செய்தது ஒரே வேலை: ஒட்டுக்கேட்டது. பழக்கடையில் ஒருவர் ஸ்பானிஷில் விலை கேட்கிறார், கடைக்கார அம்மா போர்த்துகீசில் பதில் சொல்கிறார், பேரம் இரண்டிலும் நடக்கிறது, இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே பிரிகிறார்கள். இடையில் மொழிபெயர்ப்பாளர் கிடையாது, தயக்கம் கிடையாது. தமிழர் ஒருவர் பாலக்காட்டில் மலையாளம் கேட்டுத் தமிழில் பதில் சொல்வாரே, அந்த இலகு. உருகுவேயின் வடபகுதியில் பழைய காலத்தில் குடியேறியவர்களில் பலர் போர்த்துகீசு பேசியவர்கள். 1877இல் ஹோசே பெத்ரோ வரேலாவின் கல்விச் சீர்திருத்தம் பள்ளிக்கூடங்களுக்கு ஸ்பானிஷைக் கொண்டுவந்தது. வீட்டிலும் சந்தையிலும் போர்த்துகீசு அசையவில்லை. இரண்டும் கலந்து ‘போர்த்துன்யோல்’ என்ற எல்லைப் பேச்சு தழைத்தது. பல காலம் படிக்காதவர்களின் பேச்சு என்று ஒதுக்கப்பட்ட அந்த மொழியிலேயே ஃபபியான் செவேரோ என்ற உருகுவே கவிஞர் முழுத் தொகுப்பு எழுதிவிட்டார். அவருடைய ‘நோய்தே நு நோர்தே’ 2010இல் வந்தது. எல்லையில் பிறந்த ஒரு கலவைப் பேச்சு இலக்கியத்துக்குள் தலைநிமிர்ந்து நுழைகிறது. மொழிப் பித்து உள்ள ஒருவனுக்கு இதைவிடப் பெரிய கொண்டாட்டம் என்ன இருக்க முடியும்!

பேச்சு மட்டுமா? சதுக்கத்தின் இரண்டு பக்கமும் எல்லார் கையிலும் மாத்தே பானம். சுரைக்குடுவையில் இலைத்தூள், உலோக உறிஞ்சுகுழல், அக்குளில் இடுக்கிய வெந்நீர் ஃபிளாஸ்க். உருகுவேக்காரர்கள் மாத்தே என்கிறார்கள், தென்பிரேசில்காரர்கள் சிமர்ராவ் என்கிறார்கள், பராகுவேயில் அதையே குளிர்ந்த நீரில் போட்டு தெரெரே என்கிறார்கள். மாடு மேய்க்கும் குதிரைவீரனின் பழக்கவழக்கம், அவன் உடுப்பு, அவன் பாட்டு, தீயில் வாட்டும் இறைச்சி அனைத்தும் எல்லையின் இருபுறமும் ஒன்றே. ஸ்பானிஷில் அவன் ‘கவுச்சோ’, போர்த்துகீசில் ‘கவூஷு’.

இந்த மொழிகள் ஒன்றுக்கொன்று எப்படி உறவு என்று தெரிந்துகொண்ட நாளில் எனக்குத் தூக்கமே வரவில்லை. ஒலி மாற்றங்களில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. லத்தீனில் ‘க்த்’ என்று சேர்ந்து வந்த மெய்கள், ஒவ்வொரு பிள்ளை மொழியிலும் ஒவ்வொரு விதமாக மாறின. இரவுக்கு ஸ்பானிஷில் நோச்சே, போர்த்துகீசில் நோய்தே, இத்தாலியனில் நோத்தே, பிரெஞ்சில் நுயி. பாலுக்கு லேச்சே, லேய்தே, லாத்தே, லே. எட்டுக்கு ஓச்சோ, ஓய்தோ, ஓத்தோ, உயித். ஒரு வரிசை பிடிபட்டால் அடுத்த வரிசை தானாக விழுகிறது. இன்னொன்று: இரண்டு உயிருக்கு நடுவில் வரும் ல, ன ஒலிகளைப் போர்த்துகீசு பல சொற்களில் விழுங்கிவிட்டது. நிலா ஸ்பானிஷில் லூனா, போர்த்துகீசில் லூவா. நிறம் கொலோர், கோர். இப்படி ஐந்தாறு விதிகளைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்பானிஷ் படித்த ஒருவர் பிரேசிலின் சாவோ பாலோ நகரச் செய்தித்தாளைத் திறந்தால், முதல் பக்கத்திலேயே பெரும்பகுதி புரிந்துவிடும். எனக்குப் புரிந்தது! ரயிலில் உட்கார்ந்து தலையங்கம் ஒன்றைக் கடைசிவரை படித்து முடித்தபோது ‘கூ’வென்று கத்தவேண்டும் போலிருந்தது.

காதால் கேட்பது கொஞ்சம் கடினம். ஸ்பானிஷுக்கு ஐந்தே உயிரொலிகள். பிரேசில் போர்த்துகீசுக்கு ஏழு, அதற்குமேல் மூக்கொலி உயிர்கள். அதனால் பிரேசில்காரர்கள் ஸ்பானிஷை எளிதில் பிடித்துக்கொள்கிறார்கள். ஸ்பானிஷ்காரர்களுக்குப் போர்த்துகீசு பிடிபடச் சற்று நாள் ஆகிறது. அந்த மூக்கொலிகளில்தான் போர்த்துகீசின் மயக்கமே இருக்கிறது என்பது என் கட்சி. சாவோ பாலோவில் விடுதி வரவேற்பாளர் அறைச் சாவியை நீட்டி “ஷாவி” என்றார். நம்முடைய சாவி, சன்னல், மேசை, அலமாரி எல்லாம் போர்த்துகீசியர் நமக்குத் தந்துபோன சொற்கள்தானே. அமெரிக்கக் கண்டத்து அன்னாசியும் பப்பாளியும் கப்பலேறி நம் தோட்டத்துக்கு வந்ததும் அவர்களால்தான். சாவியை வாங்கிக்கொண்ட அந்தக் கணத்தில் சாவோ பாலோ எனக்கு அந்நிய ஊராக இல்லாமல் போனது.

இந்த வட்டாரத்துக்குப் பெயர் வந்த கதை எனக்கு மிகவும் பிடித்தமானது. ஒரு நிலத்துக்கு ஆற்றின் பெயர் வைப்பார்கள், அரசனின் பெயர் வைப்பார்கள், கண்டவன் பெயரை வைப்பார்கள். இங்கே மொழிக்குடும்பத்தின் பெயரை வைத்திருக்கிறார்கள். 1848இல் மெக்சிகோ தன் நிலத்தில் பாதியளவை அமெரிக்க ஐக்கிய நாடுகளிடம் இழந்தது. 1855இல் வில்லியம் வாக்கர் என்ற அமெரிக்கச் சாகசக்காரன் கூலிப்படையோடு நிகராகுவாவில் இறங்கி, அடுத்த ஆண்டு தன்னையே அதிபராக அறிவித்துக்கொண்டான். வடக்கிலிருந்து வரும் ஆங்கில வல்லமைக்கு எதிரில் நாம் யார் என்ற கேள்வி தெற்கில் எல்லாருக்கும் எழுந்தது. 1856இல் பாரிஸில் இருந்த சிலி நாட்டுச் சிந்தனையாளர் பிரான்சிஸ்கோ பில்பாவோவும், கொலம்பியக் கவிஞர் ஹோசே மரியா தோர்ரெஸ் கைசேதோவும் ‘லத்தீன் அமெரிக்கா’ என்ற பெயரை எடுத்து வீசினார்கள். பின்னர் மூன்றாம் நெப்போலியன் இதே லத்தீன் உறவைச் சாக்காக்கி மெக்சிகோவுக்குப் படை அனுப்பினான். 1867இல் அந்தக் கனவு மண்ணைக் கவ்வியது. பேரரசன் போனான், பெயர் நிலைத்தது. அந்த மண்ணின் மக்கள் அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள்.

இந்தக் கதையில் நான் தலைவணங்கும் மனிதர் அந்திரேஸ் பெல்லோ. 1781இல் கராகஸில் பிறந்தவர். பின்னாளில் விடுதலைப் போரை நடத்திய பொலிவாருக்கு இளமையில் பாடம் சொன்னவர். விடுதலைப் போராட்டத்துக்கு ஆதரவு தேடி 1810இல் பொலிவாரோடு லண்டன் போனவர், 1829 வரை அங்கேயே வறுமையில் காலம் தள்ளிப் பிறகு சிலிக்கு வந்து சேர்ந்தார். சிலிப் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர் அவர்தான். ரோமப் பேரரசு உடைந்தபின் லத்தீன் எப்படிப் பல மொழிகளாகச் சிதறியதோ, ஸ்பெயின் பேரரசு உடைந்தபின் ஸ்பானிஷும் அப்படிச் சிதறிவிடுமோ என்று அவர் அஞ்சினார். நாட்டுக்கொரு மொழியாகிப் போனால் சிலிக்காரர் பெருவுக்குப் போனாலும் ஊமையாக நிற்கவேண்டும். அதைத் தடுக்க 1847இல் ஓர் இலக்கண நூல் எழுதினார். அமெரிக்கர்களின் பயன்பாட்டுக்கு என்று தலைப்பிலேயே சொன்னார். மத்ரித் நகரத்துப் பேச்சுதான் சரி, மற்றதெல்லாம் கொச்சை என்ற எண்ணத்தை அவர் ஏற்கவில்லை. அமெரிக்க மண்ணின் வழக்குகளுக்கும் மதிப்புக் கொடுத்து, பொதுமொழியை அறுந்துபோகாமல் காத்தார். அவர் எழுதிய சிலியின் சிவில் சட்டத்தொகுப்பு 1855இல் வந்தது. ஈக்வடாரும் கொலம்பியாவும் அதையே பின்பற்றின. சிலியின் சாந்தியாகோவில் எழுதிய சட்டம் ஈக்வடாரின் கித்தோவில் ஏறத்தாழ அப்படியே செல்லுபடியானது! மொழி ஒன்றாக இருப்பதன் பலன் இதுதான். ஆசிரியர் ஒருவர் மேசையில் உட்கார்ந்து ஒரு கண்டத்தின் பேச்சைக் காப்பாற்றியிருக்கிறார். சிலைக்கு மாலை போடும் வழக்கம் எனக்கில்லை. பெல்லோவுக்கு மட்டும் போடுவேன்.

இனி பாட்டு. இதைப் பேசத் தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியாது. டாங்கோ பாடகர் கார்லோஸ் கார்தேலை எடுத்துக்கொள்ளுங்கள். பிரான்சின் தூலூஸ் நகரத்தில் 1890இல் பிறந்தவர் என்கிறது ஆவணம். இல்லை, எங்கள் தகுவாரெம்போவில் பிறந்தவர் என்று உருகுவேக்காரர்கள் சத்தியம் செய்கிறார்கள், அருங்காட்சியகமும் வைத்திருக்கிறார்கள். ரிவேரா போகும் பேருந்து அந்த ஊர் வழியாகத்தான் போகிறது. அவர் வளர்ந்து பாடியது பியூனஸ் அயர்ஸில். 1935 ஜூன் 24 அன்று விமான விபத்தில் இறந்தது கொலம்பியாவின் மெதெயீனில். அந்த ஊர் இன்றும் டாங்கோவைத் தன் சொந்தச் சொத்தாகக் கொண்டாடுகிறது. மன்ரீக்கே பகுதியில் கார்தேலுக்கு ஒரு நினைவு இல்லமே இருக்கிறது. அந்தத் தெருவில் நடந்தபோது ஒரு காபிக்கடையில் கார்தேலின் குரல் ஓடிக்கொண்டிருந்தது; முதியவர்கள் கூடவே முணுமுணுத்தார்கள். அர்ஜென்டினாவின் துறைமுகத்தில் பிறந்த இசை, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி ஒரு மலைநகரத்தில் வாழ்கிறது. வரிகள் புரிவதால்தான் அது வாழ்கிறது. டாங்கோ வரிகளில் இத்தாலியக் குடியேறிகள் கொண்டுவந்த சொற்கள் வழிநெடுகக் கிடக்கும். ‘லுன்ஃபார்தோ’ என்ற அந்தத் தெருப்பேச்சு இல்லாமல் டாங்கோ இல்லை. உறவுமொழி என்பதால் இத்தாலியன் ஸ்பானிஷுக்குள் எளிதாகக் கரைந்தது. தென்பிரேசிலிலோ வெனிஸ் பக்கத்திலிருந்து வந்தவர்களின் ‘தாலியான்’ இன்றும் உயிரோடு பேசப்படுகிறது. 2014இல் பிரேசில் அதைப் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது.

பொலேரோ என்ற காதல் பாட்டு வகை கியூபாவில் பிறந்து மெக்சிகோவில் வளர்ந்தது. 2023இல் இரண்டு நாடுகளும் சேர்ந்து விண்ணப்பித்து அதற்கு யுனெஸ்கோ அங்கீகாரம் பெற்றன. மெக்சிகோவின் கொன்சுவேலோ வெலாஸ்கெஸ் எழுதிய ‘பேசாமே முச்சோ’வை பிரேசிலின் ஜுவாவ் ஜில்பெர்த்து தன் மெல்லிய குரலில் பாடியிருக்கிறார். 1977இல் வந்த ‘அமொரோசோ’ என்ற அந்த இசைத்தட்டிலேயே போர்த்துகீசுப் பாட்டுகளும் உண்டு, ‘எஸ்தாத்தே’ என்ற இத்தாலியப் பாட்டும் உண்டு. ஒரே மூச்சில் மூன்று உறவுமொழிகள்! அர்ஜென்டினாவின் மெர்செதெஸ் சோசாவும் பிரேசிலின் மில்தோன் நசிமென்தோவும் சிலியின் வியொலெத்தா பாராவின் பாட்டைச் சேர்ந்து பாடியது 1976இல். மூன்று நாடும் ராணுவத்தின் காலடியில் கிடந்த காலம் அது. மூன்று நாட்டையும் ஒரு பாட்டு சேர்த்துப் பிடித்தது. அந்த இரண்டு குரல்களும் கலக்கும் இடம் வரும்போதெல்லாம் என் கண் நிறைந்துவிடும். இதில் எனக்கு வெட்கமே இல்லை.

கதைகளுக்கு வருவோம். மார்க்வெஸை நாம் தமிழில் படித்திருக்கிறோம். ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ நம் அலமாரியிலும் உண்டு. அது வெளிவந்த விதத்தைப் பாருங்கள். எழுதியவர் கொலம்பியர். எழுதிய இடம் மெக்சிகோ நகரம். 1967இல் வெளியிட்டது பியூனஸ் அயர்ஸின் சுதமெரிக்கானா பதிப்பகம். முதல் பதிப்பு 8,000 படிகள் சில வாரங்களில் தீர்ந்தன. மூன்று நாடு சேர்ந்து ஒரு நாவலைப் பெற்றெடுத்திருக்கிறது. பொதுமொழி இல்லாமல் இது நடந்திருக்குமா? சிலியின் கப்ரியேலா மிஸ்த்ரால், குவாதமாலாவின் அஸ்துரியாஸ், சிலியின் நெரூதா, கொலம்பியாவின் மார்க்வெஸ், மெக்சிகோவின் ஒக்தாவியோ பாஸ், பெருவின் வர்காஸ் யோசா: 1945 முதல் 2010 வரை இந்த மண்ணின் ஸ்பானிஷ் எழுத்துக்கு ஆறு நோபல், ஐந்து நாடுகளிலிருந்து. லிமாவில் எழுதியதை பொகோதாவில் மறுநாளே படிக்கலாம் என்றால் எழுத்தாளனுக்கு வேறென்ன வேண்டும்?

பியூனஸ் அயர்ஸின் ‘மால்பா’ அருங்காட்சியகத்தில் ஒரு சுவரின் முன்னால் பிரேசில்காரர்கள் கூட்டமாக நிற்பதைப் பார்த்தேன். அங்கே தொங்குவது தார்சிலா தோ அமராலின் ‘அபபொரு’, 1928. பிரேசில் நவீன ஓவியத்தின் மணிமுடி அது, இருப்பதோ அர்ஜென்டினாவில். பக்கத்தில் நின்ற அர்ஜென்டினக் குடும்பத்துக்கு, பிரேசில் பெண்மணி ஒருவர் போர்த்துகீசிலேயே ஓவியத்தின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். குழந்தைகள்கூடக் கேட்டுத் தலையாட்டினார்கள்.

குழந்தைகள் என்றதும் தொலைக்காட்சி நினைவுக்கு வருகிறது. மெக்சிகோவின் ரொபெர்த்தோ கோமெஸ் போலான்யோஸ் உருவாக்கிய ‘எல் சாவோ’ நகைச்சுவைத் தொடரைச் சிலியிலும் பெருவிலும் அர்ஜென்டினாவிலும் தலைமுறை தலைமுறையாகப் பார்த்தார்கள். 1984 முதல் பிரேசிலில் ‘ஷாவெஸ்’ என்ற பெயரில் போர்த்துகீசுக் குரலில் ஓடியது. மொழி மாறினாலும் சிரிப்பு வரும் இடம் மாறவில்லை. 2014இல் அவர் மறைந்தபோது மெக்சிகோவைப் போலவே பிரேசிலும் அழுதது.

லத்தீன் மொழிகள் மட்டுமே இந்தக் கண்டம் என்று சொன்னால் பெரும் பாவம். அவை வாளோடும் சிலுவையோடும் கப்பலில் வந்தவை. கெச்சுவா, அய்மாரா, நாவாட்ல், மாயா மொழிகள், குவாரனி அதற்கு முன்பே அங்கே ஆண்டவை, இன்றும் பேசப்படுபவை. பராகுவேயின் 1992ஆம் ஆண்டு அரசியல் சட்டம் குவாரனியை ஸ்பானிஷோடு சமமாக ஆட்சிமொழியாக்கியது. மெர்கோசூர் என்ற தென்னமெரிக்க நாடுகளின் வணிகக் கூட்டமைப்பும் ஸ்பானிஷ், போர்த்துகீசு ஆகியவற்றோடு குவாரனியையும் தன் மொழியாக ஏற்றது. ‘அபபொரு’ என்ற ஓவியப் பெயரே துப்பி குவாரனிச் சொல்தான். ஹைதியை விட்டுவிடவும் கூடாது. அடிமைகள் எழுந்து 1804இல் விடுதலை பெற்ற மண் அது. 1816இல் அதன் தலைவர் பெத்தியோன் பொலிவாருக்கு ஆயுதம் கொடுத்து, பதிலுக்கு அடிமைகளை விடுவிக்கச் சொன்னார். பேச்சுறவும் போராட்ட உறவும் சேர்ந்தே இந்த வட்டாரத்தைக் கட்டியிருக்கின்றன. கியூபெக்கிலும் பிரெஞ்சு பேசுகிறார்கள், அதை யாரும் லத்தீன் அமெரிக்கா என்பதில்லை. மொழி வாசலைத் திறக்கும். வரலாறுதான் உள்ளே அழைத்து உட்கார வைக்கும்.

இந்த உறவை இன்று கைகோத்து வளர்ப்பவர்களையும் பார்த்தேன். சாவோ பாலோவில் ஒஸ்கார் நிமெயர் வடிவமைத்து 1989இல் திறந்த லத்தீன் அமெரிக்க நினைவகத்தின் முற்றத்தில், ஏழு மீட்டர் உயரக் கான்கிரீட் கை ஒன்று விரித்து நிற்கிறது. உள்ளங்கையில் கண்டத்தின் வரைபடம் ரத்தச் சிவப்பில் வழிகிறது. போர்த்துகீசு பேசும் நகரம் தன்னை இந்தக் குடும்பத்தில் ஒருத்தி என்று இதைவிட உரக்கச் சொல்ல முடியாது. ஃபோஸ் தோ இகுவாசுவில் 2010இல் பிரேசில் அரசு தொடங்கிய ‘உனிலா’ பல்கலைக்கழகம் இன்னும் அருமை. கண்டமெங்கிலுமிருந்து மாணவர்கள், போர்த்துகீசிலும் ஸ்பானிஷிலும் வகுப்புகள். உணவுமேசையில் பிரேசில் மாணவியும் பராகுவே மாணவனும் அவரவர் மொழியில் பேசி, கால்பந்துக்காகச் சண்டையும் போட்டார்கள். எனக்குச் சொர்க்கம் என்றால் அந்த மேசைதான்.

ஆகவே வாசகர்களே, உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்: ஸ்பானிஷ் படியுங்கள். எந்த வயதிலும் தொடங்கலாம். எழுத்து உச்சரிப்புக்கு மிக நெருக்கமாக இருக்கும், ஐந்து உயிரொலிகள்தான், தமிழ் நாக்குக்குச் சிரமமே இல்லை. பாட்டில் தொடங்குங்கள்: மெர்செதெஸ் சோசாவைக் கேளுங்கள், பிறகு பிரேசிலின் கயித்தானு வெலோசு 1994இல் ஸ்பானிஷில் பாடிய ‘ஃபீனா எஸ்தாம்பா’ தொகுப்பைக் கேளுங்கள். அங்கிருந்து போர்த்துகீசுக்குத் தாவுவது பாதி உழைப்பு. அதன்பின் நெரூதாவையும் மார்க்வெஸையும் மொழிபெயர்ப்பு இல்லாமல் நீங்களே படிப்பீர்கள். ஒரு மொழியைக் கற்பவருக்கு ஒரு நாடு திறக்கும் என்பார்கள். இங்கே ஒன்றைக் கற்றால் 18 நாடுகள் திறக்கின்றன, இன்னும் கொஞ்சம் முயன்றால் பிரேசிலும் சேர்ந்து திறக்கிறது. இவ்வளவு பெரிய லாபம் தரும் படிப்பு வேறொன்று எனக்குத் தெரிந்து இல்லை. இன்றைக்கே தொடங்குங்கள்.